உடைகுளத்துப் பிடிமண்

1974ஆம் ஆண்டு ஜூலை மாதம் எட்டாம் நாள், திங்கட்கிழமை முற்பகல், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வைக் கவனிக்கும் தூத்துக்குடி அலுவலகத்தில், பதினோரு குடும்பங்களின் வீட்டு மனுக்கள் ஒரே காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டன. பதினோரு குடும்பத்தாரும் தம் சொந்த ஊர், ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கேயுள்ள உடைகுளம் என்று பதிந்திருந்தனர். சொந்த ஊர் உள்ளவர்களுக்குச் சிறுதொழில் கடன் மட்டுமே உண்டு. புதுக்கோட்டைக்கு அருகே கட்டப்பட்டிருந்த குடியிருப்பில் வீடும், அதை ஒட்டிய நூற்பாலையில் வேலையும், போக்கிடம் அற்றவர்களுக்கே உரியவை என்பது விதி. உடைகுளத்துக்காரர்களோ, இவர்களில் ஒருவரைக்கூடத் தமக்குத் தெரியாது என்று சொல்லி, போன அன்றே திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

அன்று அந்த அலுவலகத்தில் இசபெல்லாவும் இருந்தாள். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துபவள். வயது முப்பத்தொன்பது. கொழும்புக்குத் தோணி விட்ட குடும்பத்தில் பிறந்தவளாதலால் அக்கரை என்பது அவளுக்கு அடுத்த தெரு போலத்தான். இரண்டு அரசுகள் மேசையின் இருபுறமும் அமர்ந்து, தோட்டத் தொழிலாளரில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தம், அந்த மனிதர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது அவளுடைய ஆய்வு. ஓராண்டாக வீடு வீடாகச் சென்று கேட்டுத் தொகுத்திருந்தாள். திரும்பியவர்களில் பெரும்பாலோர் தம் சொந்த ஊரிலேயே சேர்ந்துவிட்டனர் என்பது அவள் கண்ட முதல் முடிவு. அதற்காகப் பேராசிரியர் அவளைப் பாராட்டியும் இருந்தார். இப்போது பதினோரு குடும்பங்கள் அந்த முடிவின்மீது ஏறி உட்கார்ந்திருந்தன.

“பேரப் பாத்தாலே தெரியலையா டீச்சர்?” என்றார் தனி வட்டாட்சியர் ஆறுமுகநயினார். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயலும் வாய்க்காலுமாய் வளர்ந்த மனிதர். விதியைச் சொல்லும்போதுகூட வரப்பில் நின்று பேசுவதுபோல் சத்தமாகத்தான் பேசுவார். “சுடலைமாடத்தின்னு ஒருத்தி. இந்தப் பேர நம்ம பக்கத்து ஆளத் தவிர எவன் வைப்பான்? தஞ்சாவூர்க்காரன் வைப்பானா? ஊரு வெரட்டிட்டு, வீடு குடுன்னு கேக்கா. இவளுக்குக் குடுத்தா, நாளைக்குச் சித்தப்பன்கூடச் சண்ட போட்டவன்லாம் ஊரு வெரட்டிட்டுன்னு வந்து நிப்பான்.”

“அது அவங்க ஊரே இல்லைன்னா?”

“பெறவு எதுக்கு அப்பிடிச் சொன்னாவ? நான் ஒண்ணு சொல்லுதேன். உடைகுளத்து நாட்டாமைட்ட, இவங்க எங்க ஆளு கிடையாதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே ஆர்டர் போடுதேன். ஆகஸ்டு பன்னிரண்டு வரைக்கும் வீட்டப் பூட்டி வைக்கேன். அதுக்கு மேல அடுத்த கப்பல் ஆளு வந்துருவாவ. பூட்டுன வீட்டக் காட்டி அவங்கள வெயில்ல நிறுத்த என்னால முடியாது.”

பதினோரு குடும்பங்களும் உப்பளங்களுக்குப் பின்னால், கைவிடப்பட்ட ஒரு சரக்குக் கிட்டங்கியில் தங்கியிருந்தன. சேலைகளைத் தொங்கவிட்டு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். மாலையில் இசபெல்லா போனபோது பெண்கள் அளத்து வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். பாதங்களில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்கள் இப்போது உப்பு வாருகின்றன.

சுடலைமாடத்தி ஐம்பது வயதைத் தாண்டிய விதவை, பிள்ளைகள் இல்லை, குடும்ப அட்டையில் அவள் பெயர் ஒன்றுதான். ஆயினும் அந்தக் கிட்டங்கியில் எது நடந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டே நடந்தது.

“அக்கா, உங்க அப்பா பொறந்தது உடைகுளமா?” என்று இசபெல்லா கேட்டாள்.

“இல்லீங்க டீச்சரம்மா. முசிறிப் பக்கம்னு அம்மா சொல்லும். ஊருப் பேரு அதுக்கும் தெரியாது.”

“இங்க இருக்கிற இன்பமணி குடும்பம்?”

“அவுங்க சேலம். அடுத்த லயத்துல இருந்தவங்க அறந்தாங்கிப் பக்கம்.”

“அப்போ எல்லாரும் ஏன் உடைகுளம்னு சொன்னீங்க?”

சுடலைமாடத்தி அவளை ஒரு கணம் வியப்போடு பார்த்தாள். “சாமி ஊரு அதுதானுங்களே.”

பிறகு அவள் சொன்னதிலிருந்து இசபெல்லாவுக்கு விவரம் முழுதும் விளங்கிற்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டத்துக்கு ஆள்கட்டிக்கொண்டு போன கங்காணி உடைகுளத்துக்காரர். புறப்படும்போது தம் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய், தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மேலே, அதை நடுவில் வைத்துப் பீடம் எழுப்பினார். தெற்கத்திச் சீமையில் சாமியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு அதுவே முறை. பிடிமண் போனால் சாமி போனதாக ஐதீகம். முசிறியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலையேறியவர்கள் தங்கள் தெய்வங்களைக் கீழேயே விட்டுவிட்டுப் போனவர்கள். காய்ச்சல் கண்டபோதும், மண் சரிந்தபோதும், பிள்ளை பிறந்தபோதும் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது அந்த ஒரு பீடந்தான். பிள்ளைகளுக்குப் பெயரும் அதிலிருந்தே வந்தது. கங்காணி வாரிசின்றி இறந்தார், பீடம் இருந்தது. இந்தியாவில் எந்த ஊர் என்று அதிகாரி கேட்டபோது மொத்த லயமும் ஒரே வாயாகச் சொன்னது. தங்கள் சாமி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே தாங்களும் வந்தவர்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே எழவில்லை.

அதே கேள்வியைத்தான் நாமும் ஓராண்டாகக் கேட்டுவந்திருக்கிறோம் என்பது இசபெல்லாவுக்கு உறைத்தது. கேட்டதில் பிழையில்லை, சொன்னதில் பொய்யில்லை, ஆனால் முடிவு மட்டும் தவறு. இப்படி எத்தனை லயங்களோ, எத்தனை பீடங்களோ.

சுடலைமாடத்தி எழுந்துபோய், சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தேயிலைத் தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த மண்.

“லயம் காலியாயிருச்சு. விளக்கில்லாத இடத்துல விட்டுட்டு வரலாங்களா? எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வைக்கணும். கப்பலேறுறப்ப சுங்கத்துல ஒரு ஆளு தொறந்து பாத்துட்டு, ‘என்னாடி, மண்ணக் கடத்துறியா?’ன்னான். ‘உங்க நாட்டு மண்ணு இல்லீங்க தொரை. எங்க நாட்டு மண்ணு. எண்பது வருசமா உங்ககிட்ட விருந்துக்கு இருந்துச்சு’ன்னேன். சிரிச்சிட்டு, போன்னுட்டான்.”

சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். இசபெல்லாவும் சிரித்தாள். ஆனால் அவளுடைய ஆய்வில் இரண்டு நாட்டு அரசுகளும் வார்த்தைக்கு வார்த்தை பேரம் பேசிய பக்கங்கள் எத்தனையோ இருந்தன. இவ்வளவு தெளிவான உரிமைவாதம் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

அலுவலகத்தில் கேட்டதை அவள் மறைக்காமல் சொன்னாள். உடைகுளம் ‘இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை’ என்று எழுதித் தந்தால் வீடு. ‘எங்கள் ஆட்கள்தாம்’ என்றால் வீடு இல்லை. “அதனால அக்கா, எழுதி வாங்குற வரைக்கும் மண்ண வைக்காம இருக்கீங்களா?”

“ஆடி மூணாம் வெள்ளி அங்க கோயில் கொடைத் திருவிழாங்களாம். அத விட்டா அடுத்த வருசந்தான். அதுவரைக்கும் சாமி இந்தக் கிட்டங்கி எலிகூடவா இருக்கும்?” சுடலைமாடத்தி டப்பாவை மூடினாள். “நீங்க போயி எழுதி வாங்குங்க டீச்சரம்மா. வாங்கிட்டா, நாங்க வெளியூருச் சனமாப் போயி வச்சிட்டு வந்துர்றோம்.”

மறுவாரம் இசபெல்லா பேருந்தேறி ஓட்டப்பிடாரம் போய், அங்கிருந்து கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடந்து உடைகுளம் சேர்ந்தாள். நாட்டாமை ஆவுடையப்பன் தம் பலசரக்குக் கடையில் பருத்திவிதை நிறுத்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“உக்காருங்க டீச்சரம்மா. ஏலே, டீச்சருக்குக் கலரு ஒண்ணு ஒட. இந்த ஒரு விசயத்துக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்திய? இவங்க எங்க ஆளு இல்ல, எங்க அப்பன் ஆளு இல்ல, பாட்டன் ஆளு இல்ல. எங்க போடணும் கையெழுத்து?”

“சிலோனுக்கு ஆள்கட்டிப் போன கங்காணிக்கு இங்க சொந்தம் யாராவது இருக்காங்களா, அண்ணாச்சி?”

ஆவுடையப்பனின் கை தராசில் நின்றது. “அவரு நெலத்தச் சொல்லுதியளா? அது எங்க அப்பா காலத்துலயே எங்களுக்கு ஆயிட்டு. பட்டா கெடக்கு.”

“நான் நிலத்தக் கேக்கல.”

“நீங்க கேக்கல. வாரவன் கேப்பாம்லா.”

கடை ஓரத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். கோயில் பூசாரி மாசானம். “அது கெடக்கட்டும். அன்னைக்கு வந்தவள்ல ஒருத்தி பேரு சுடலைமாடத்தியாம்லா. சிலோன்ல பொறந்தவளுக்கு எங்க சாமி பேரு எப்பிடி வந்துச்சு தாயி?”

இசபெல்லாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நடந்திருக்கலாம். எழுதுகோலின் மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது. ஆனால், எவரிடம் உண்மையைக் கேட்டு வாங்குகிறோமோ அவரிடம் பொய் சொல்லக்கூடாது என்று மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிவந்தவள் அவள். வகுப்பில் அதைச் சொல்வதற்கு விலை எதுவும் கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

“கங்காணி கொண்டுபோன பிடிமண்ணு, ஐயா. அதத் திருப்பிக் கொண்டாந்திருக்காங்க.”

மாசானத்தின் இடியுரல் நின்றது. அவர் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ஆவுடையப்பா, பேனாவ மூடு. பிடிமண்ணக் கொண்டாந்து வைக்குத கை நம்ம கோயில் கை. நேத்து வரைக்கும் நம்ம ஆளு இல்லன்னா சரி. நாளைக்கு மண்ணு வந்து எறங்குன பெறவும் இல்லம்பியா? சாமிட்ட யாரு பதில் சொல்லுவா, நீயா, ஒம் பட்டாவா?”

“அப்போ கொடை முடியட்டும்,” என்றார் ஆவுடையப்பன், டீச்சரின் முகத்தைப் பாராமல். “யாரு யாரு கை வைக்காவன்னு பாத்துட்டு எழுதித் தாரேன்.”

திரும்பும் பேருந்தில், இசபெல்லா தன்னைத்தானே விசாரித்துக்கொண்டே வந்தாள். பொய் சொல்லாததற்காக வருந்தவும் முடியவில்லை. பதினோரு வீடுகளை நினைத்தால் நிமிரவும் முடியவில்லை. கிட்டங்கிக்குப் போய், பூசாரி சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். இன்பமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நூற்பாலையில் ஆளெடுக்கிறவரைப் பார்த்துப் பேசிவைத்திருந்தவன் அவன். மனைவிக்கு அது ஏழாம் மாதம். சுடலைமாடத்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“வைக்கிற கைன்னா சொன்னாரு? வைக்கிற சனம்னு சொல்லலியே?”

“கைன்னுதான் சொன்னார்.”

“சரிங்க,” என்று சொல்லி அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி ஆகஸ்டு இரண்டாம் நாள் வந்தது. பனிமய மாதா கோயிலில் கொடியேறி எட்டாம் நாள். வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். “மாதா திருநாள்ல சொடலமாடன் கோயிலுக்குப் போறவ ஊர்லயே நீ ஒருத்திதாம்ளா,” என்று அக்காள் விக்டோரியா வாசல்வரை வந்து சொன்னாள். ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இசபெல்லா உப்பு லாரியின் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். பதினோரு குடும்பங்களும் பின்னால் ஏறிக்கொண்டன.

மதியக் கொடை. மேளம் உச்சத்தில் இருந்தது. கோயில் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்ற உடைமரத்தடியில் சுடலைமாடத்தி எல்லோரையும் நிறுத்தினாள். டப்பாவிலிருந்து மண் முடிச்சை எடுத்து ஓலைக் கொட்டானில் வைத்தாள். இன்பமணி முன்னால் வந்தான்.

“எல்லாரும் கை வச்சுத்தானக்கா தூக்கணும்? தோட்டத்துல அப்படித்தான எடுத்தோம்.”

“தள்ளி நில்லு. ஒம் பொண்டாட்டி வெயில்ல நிக்கிறா. அவளப் பாரு.”

“நான் மட்டும் தொட்டுக்கிறேன்.”

“காது கேக்கலியா? ஒருத்தரும் இந்தக் கல்லத் தாண்டக் கூடாது. தாண்டுனா நான் மண்ணைக் கொண்டு திரும்பிப் போயிருவேன்.”

அவர்கள் திகைத்து நின்றார்கள். ஒரு கிழவி அழுதாள். இசபெல்லாவுக்கும் அது பிடிக்கவில்லை. எல்லோருக்கும் உரிய மரியாதையை ஒருத்தி தனக்கே வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தாள். அடக்கமானவர்கள் என்று நாம் எண்ணுகிறவர்களிடமும் ஆசை இருக்கத்தானே செய்யும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சுடலைமாடத்தி கொட்டானைத் தலையில் ஏற்றிக்கொண்டு தனியாக உள்ளே நடந்தாள். கூட்டத்தில் யாரோ, “தாலியறுத்தவ சாமி மண்ணத் தொடலாமா?” என்று கேட்டார்கள்.

“சாமி கையப் பாக்கும். கழுத்தப் பாக்காது. சலம்பாம நில்லும்வே,” என்றார் மாசானம். பிறகு மேளத்தை நிறுத்தச் சொன்னார். “இது யாரு கை?”

“என் கைங்க. சுடலைமாடத்தி.”

“கூட யாரு?”

“ஒருத்தரும் இல்லீங்க. என் கை மட்டுந்தான்.” அவள் குரல் எல்லைக்கல்வரை கேட்டது. ஆவுடையப்பன் நின்ற இடம்வரை கேட்க வேண்டும் என்றே அவள் அப்படிச் சொன்னாள்.

பூசாரி முடிச்சை வாங்கி அவிழ்த்து, மண்ணைப் பீடத்தின் அடியில் சேர்த்தார். அவள் நெற்றியில் திருநீறு பூசி, “இந்தக் கை இனி நம்ம கோயில் கை” என்று ஊருக்குச் சொன்னார். மேளம் மறுபடி எழுந்தது.

சாப்பாடு முடிந்ததும் சுடலைமாடத்தி நேரே ஆவுடையப்பனிடம் போனாள். இசபெல்லாவும் கூடப் போனாள்.

“அய்யா, எல்லாரும் பாத்தீங்க. பத்துக் குடும்பம் கல்லத் தாண்டல, மண்ணத் தொடல. அவுங்க உங்க ஆளு இல்லைன்னு எழுதிக் குடுத்திருங்க.”

ஆவுடையப்பன் பேனாவை எடுத்தார். “பெரிய ஆளுதாம்ளா நீ,” என்றார். பூசாரியைப் பார்த்தார்; மாசானம் தலையசைத்தார். பத்துக் குடும்பங்களின் பெயர்களைக் கேட்டு எழுதி, கையெழுத்திட்டார்.

லாரிக்கு நடக்கும்போது இசபெல்லா மெல்லக் கேட்டாள். “அக்கா, உங்க வீடு போயிருமே.”

“வீடு வேணாம்னு இல்லம்மா. எனக்கும் ஓட்டு வீட்டுல படுக்க ஆசைதான். பதினோரு பேரு கை வச்சா பதினோரு வீடும் போயிரும். ஒருத்தரும் வைக்கலைன்னா மண்ணு போயிரும். முன்னாடியே சொல்லியிருந்தா இன்பமணி விட்டிருக்க மாட்டான். நானுந்தான் வருவேன்னு நின்னிருப்பான். அதான் ஏசுனேன்.” அவள் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “ஏசுனதுல அந்தக் கெழவி அழுதிருச்சு. அதுக்குத்தான் ஏதாச்சும் வாங்கிக் குடுக்கணும்.”

இசபெல்லா லாரியில் ஏறிக்கொண்டாள். சற்றுமுன் எல்லைக்கல்லருகே நின்று அவளைப்பற்றித் தான் நினைத்ததை எண்ணி, லாரி ஊர் சேரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அரசுகள் மனிதர்களைப் பங்கிட்டபோது ஒருவரையும் கேட்கவில்லை. இங்கே ஒருத்தி தானும் கேளாமல்தான் பங்கிட்டாள். ஆனால் பங்கில் குறைந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டாள். இந்த வேறுபாட்டை எந்தப் பாடநூலின் எந்த இயலில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டு பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் எல்லோரும் கூடினர். ஆறுமுகநயினார் ஆவுடையப்பனையும் வரவழைத்திருந்தார்.

“பத்து சரி. இந்த அம்மாவுக்கு வீடு கெடையாது,” என்றார். “ஊரு ஒத்துக்கிட்டா அது சொந்த ஊரு. விதி அவ்வளவுதான் டீச்சர்.”

“ஒத்துக்கிட்டது கோயில். ஊர் ஒரு அடி நிலம் தரல. பிறகு அவங்க எங்க இருப்பாங்க? பீடத்துலயா? ஒரு இடத்துக்குச் சொந்தம்னு சொல்றதும் அந்த இடத்துல வாழ முடியறதும் ஒண்ணுன்னு நானும் ஒரு வருசமா நினைச்சுத்தான் இருந்தேன். ஒண்ணு இல்ல, சார். விதியிலயும் அதே தப்பு இருக்கு.”

“விதியத் திருத்த நான் ஆளு இல்ல.” அவர் நாற்காலியைத் திருப்பினார். “ஆனா உள்ளத முழுசா நடத்த முடியும். ஏன் அண்ணாச்சி, இவங்க உங்க ஊரா, இல்லையா?”

“கோயில் கை, சார்.”

“அது மாடனுக்குச் சொல்லுங்க. எனக்கு ஊருன்னு சொல்லுங்க, இல்ல, இல்லன்னு சொல்லுங்க. ஊருன்னா, கங்காணி கொண்டுபோன மண்ணத் திருப்பிக் கொண்டாந்தவளுக்குக் கங்காணி நெலத்துல குடிசை போட எடம் உண்டா? டீச்சர் சொன்ன அந்த நெலத்த ஒருக்க அளந்து பாத்துரலாம்னு சர்வேயர்கூடச் சொல்லிட்டிருந்தாரு.”

ஆவுடையப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “அளக்கதுக்கு என்ன அவசரம்? கோயிலுக்கு மேக்க ஒரு துண்டு சும்மாதான் கெடக்கு.”

“சும்மா கெடக்கத எழுதிக் குடுத்துருங்க.”

“சிறுதொழில் கடன்ல நான் அங்க கடை வச்சா, உங்க கடைக்குப் போட்டியாயிருமே, அய்யா,” என்றாள் சுடலைமாடத்தி.

“வைளா, வை. எனக்குக் கடன் சொல்லுதவன் பாதிப்பேரு ஒங்கிட்ட வருவான். நிம்மதி,” என்றார் ஆவுடையப்பன்.

அன்று முடிவானவை பின்வருமாறு. இன்பமணியின் குடும்பம் உள்ளிட்ட பத்துக் குடும்பங்களுக்குப் புதுக்கோட்டைக் குடியிருப்பில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீட்டுக்கு ஒருவர் நூற்பாலை வேலைக்குப் பதியப்பட்டார். சுடலைமாடத்தி உடைகுளத்துக்காரி என்று பதியப்பட்டதால் அவளுக்கு வீடும் வேலையும் மறுக்கப்பட்டன; சிறுதொழில் கடன் வழங்கப்பட்டது. கோயிலுக்கு மேற்கே கங்காணியின் நிலத்தில் ஒரு துண்டு அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதில் கிணறு இல்லை. மறுப்பை எதிர்த்து இசபெல்லா எழுதிய மேல்முறையீடு மூன்று மாதங்களுக்குப் பின் தள்ளுபடியானது. தன் ஆய்வின் முதல் முடிவை அவள் திரும்பப் பெற்றுக்கொண்டாள். சந்தித்த குடும்பங்கள் அனைத்தையும் மீண்டும் சந்தித்து, சொந்த ஊர் எது என்று கேட்பதை விட்டு, பிறந்தது எங்கே, உறவினர் இருப்பது எங்கே, சாமி எந்த ஊர்ச் சாமி என்று தனித்தனியே கேட்பது என்று தீர்மானித்தாள். அதற்கு மேலும் ஓர் ஆண்டு ஆகும் என்று பேராசிரியருக்குத் தெரிவித்தாள். அவர் இசைந்தார்.